மண்ணுக்குள் கசியும் பழைய ஜி.ஐ. குழாய்: கண்டுபிடிப்பது முதல் குழி மூடுவது வரை

பழைய ஜி.ஐ. குழாயில் ஓர் ஓட்டையை அடைக்கப் போய், மூன்று ஓட்டைகளோடு மேலே ஏறி வந்த கதை குழாய் வேலை செய்பவர்கள் பலரிடமும் இருக்கும். காரணம் எளிது. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த குழாய் நீரின் அழுத்தத்தை இன்னும் தாங்கும். முறுக்கு விசையைத்தான் தாங்காது. ஒரு பக்கம் ரெஞ்சு போட்டுத் திருகினால், அந்த விசை சில மீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த சாக்கெட்டில் (இரு குழாய்களைச் சேர்க்கும் இணைப்பில்) போய் வெடிக்கும். எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கொள்கையைப் பின்பற்றுகிறது: பழைய குழாயைத் திருகாமல் சரிசெய்ய முடியுமானால், திருகவே கூடாது.

அது எங்கே பலவீனமாக இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்த இடத்தில் துரு குழி பறிக்கத் தொடங்குகிறது. 1 அங்குல நடுத்தர ரகக் குழாயின் சுவர் 3.2 மி.மீ. தடிமன். அதன் முனையில் மரை (திருகுப் பள்ளம்) வெட்டும்போது சுமார் 1.5 மி.மீ. ஆழத்துக்கு உலோகம் போய்விடுகிறது, பூச்சும் போய்விடுகிறது. ஆக, ஒவ்வோர் இணைப்பிலும் பாதிச் சுவர்தான், அதுவும் காப்பில்லாமல் நிற்கிறது. கசிவுகளில் பெரும்பங்கு சாக்கெட்டை ஒட்டியே வருவது இதனால்தான்.

உண்மையிலேயே மண்ணுக்குள்தான் கசிகிறதா?

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் மீட்டரிடம் கேளுங்கள். வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மிதவை வால்வு வைத்த தொட்டி எதுவும் நிரம்பிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். மீட்டரின் சிறு முள் அல்லது சக்கரம் இன்னும் நகர்ந்தால், தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. இப்போது வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள பிரதான வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள். நிற்கவில்லை என்றால் மீட்டருக்கும் வால்வுக்கும் இடையே, அதாவது மண்ணுக்குள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய கேட் வால்வுகள் பல முழுமையாக மூடுவதில்லை. வால்வை மூடியபின் அதற்கு அப்பால் உள்ள, உயரத்தில் தாழ்வான ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் ஒழுக்கு நிற்க வேண்டும். நிற்காமல் சொட்டினால் வால்வே ஒழுகுகிறது. உங்கள் சோதனை செல்லாது.

மீட்டரை 15 நிமிட இடைவெளியில் இரண்டு முறை குறித்து, கசிவின் அளவையும் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். ஒரு நாளுக்கு அது 1,440 லிட்டர். பழுது முடிந்தபின் ஒப்பிடவும் இந்த எண் வேண்டும்.

மீட்டருக்கு முந்தைய பகுதியில் ஈரம் தெரிந்தால் நிறுத்துங்கள். அந்தக் குழாய் யாருடையது என்பதை நீர் வழங்குபவரிடம் உறுதிசெய்யாமல் தொட வேண்டாம்.

எந்த இடம்?

ஈரம் தெரியும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. பழைய குழாயைச் சுற்றி நிரப்பிய மண் அக்கம்பக்கத்து மண்ணைவிடத் தளர்வாக இருக்கும். தண்ணீர் அதன் வழியே ஓடி, மேலே வர வசதியான இடத்தில் எட்டிப் பார்க்கும். தரை சரிவாக இருந்தால் ஓட்டை பெரும்பாலும் ஈரத்துக்கு மேட்டுப் பக்கம் இருக்கும்.

காதுதான் நல்ல கருவி. இரவில், சத்தம் அடங்கிய நேரத்தில், ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை மீட்டர் பக்கக் குழாயிலும், பிறகு வால்வுப் பக்கத்திலும் வைத்து, மறுமுனையைக் காதோரம் பிடியுங்கள். சீறல் எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கமே கசிவு. உலோகக் குழாய் ஒலியை நன்றாகக் கடத்துவதால் இந்த முறை ஜி.ஐ.யில் பிளாஸ்டிக்கைவிடத் தெளிவாக வேலை செய்யும். கம்பியை மண்ணில் குத்தித் தேடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். துருப்பிடித்த குழாயை அது துளைத்துவிடும். கீழே மின்கேபிள் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்கு மேல் ஊகிக்க வேண்டுமென்றால் குழாயின் நீளம் உதவும். ஜி.ஐ. குழாய்கள் பெரும்பாலும் 6 மீட்டர் சுமாருக்கு வரும். தெரிந்த ஓர் இணைப்பிலிருந்து அளந்தால் அடுத்த சாக்கெட் ஏறக்குறைய எங்கே என்று தெரியும். வளைவுகள், கான்கிரீட்டிலிருந்து மண்ணுக்குள் குழாய் இறங்கும் இடம், பித்தளை வால்வு ஜி.ஐ.யோடு நேரடியாகச் சேரும் இடம் ஆகியவையும் முதல் சந்தேகத்துக்கு உரியவை.

தோண்டுவதற்கு முன் இரண்டு விஷயங்கள்

முதலாவது, அந்தப் பாதையில் மின்சாரம், எரிவாயு, தொலைபேசி இணைப்புகள் போகின்றனவா என்று உரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது. இதில் சுருக்குவழி கிடையாது.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. பழைய கட்டடங்களில் மின் எர்த்தை (பழுதான மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பும் இணைப்பை) உலோகக் குடிநீர்க் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். அந்தக் குழாயை அறுத்த கணத்தில் வீட்டின் எர்த் துண்டாகிறது. எங்கோ ஒரு மின்சாதனத்தில் பழுது இருந்தால், அறுபட்ட இரு முனைகளையும் பிடித்திருக்கும் உங்கள் கைகள் வழியே அந்த மின்சாரம் பாயும். ஈரக் குழியில் நின்றுகொண்டிருக்கும்போது இது மரணமாகவே முடியலாம். எனவே மின்பணியாளரை அழைத்து, எர்த் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அறுப்பதற்கு முன், அறுக்கும் இடத்தின் இருபுறமும் குழாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தடித்த செம்புக் கம்பியைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பாலம் அமைக்க வேண்டும். வேலை முடிந்து குழாய் மூடும்வரை அது இருக்க வேண்டும். நடுவில் ரப்பர் இணைப்போ பிளாஸ்டிக் துண்டோ வரப்போகிறது என்றால், வீட்டுக்குத் தனி எர்த் அமைத்த பிறகே பாலத்தைக் கழற்றலாம்.

பொருள்களைத் தண்ணீரை நிறுத்துவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜி.ஐ.யில் சொல்லும் அளவு பெயரளவுதான். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., முக்கால் அங்குலம் 26.9, ஒரு அங்குலம் 33.7, ஒன்றேகால் 42.4, ஒன்றரை 48.3, இரண்டு அங்குலம் 60.3 மி.மீ. ஓட்டையைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப்பும், இரு முனைகளைச் சேர்க்கும் கப்ளிங்கும் வெளிவிட்டத்தை நம்பி வாங்கப்படுபவை. விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி, நீளத்தை 3.14ஆல் வகுத்தால் போதும்.

குழி

குழாய் கண்ணுக்குத் தெரியும்வரை தண்ணீரை முழுவதும் நிறுத்த வேண்டாம். மிகக் குறைவாக ஓடவிடுங்கள். உள்ளே சற்று அழுத்தம் இருந்தால் தண்ணீர் வெளியே வரும். அழுத்தம் இல்லாவிட்டால் குழியில் தேங்கிய சேற்று நீர் ஓட்டை வழியே உள்ளே போகும். கசிவு கடுமையாக இருந்து குழி நிரம்பிக்கொண்டே இருந்தால் மட்டும் மூடிவிட்டு இறைத்துத் தோண்டுங்கள்.

குழாய்க்குக் கீழே குறைந்தது 30 செ.மீ. இடம் வேண்டும், ரெஞ்சு சுழலவும், கிளாம்ப்பின் போல்ட்டை அடிப்பக்கமிருந்து எட்டவும் அது தேவை. குழியின் ஒரு மூலையை இன்னும் ஆழமாக்கினால் தண்ணீர் அங்கே தேங்கும், வாளியில் அள்ளலாம். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கொட்டுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குமேல் எடை உள்ளது. ஈரமானால் இன்னும் அதிகம். 1.2 மீட்டருக்கு மேல் ஆழம் போகிறது என்றால் பக்கச் சுவர்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் இறங்கக் கூடாது. கசிவால் ஊறிய மண் எச்சரிக்கையே தராமல் சரியும்.

கடைசி 15 செ.மீ. கையாலும் சிறு கரண்டியாலும் மட்டும். கடப்பாரை முனை ஒரு முறை பட்டால் போதும். குழாய் அந்தரத்தில் தொங்கினால் அடியில் கட்டையோ செங்கல்லோ முட்டுக் கொடுங்கள். அதன்மேல் ஏறி நிற்காதீர்கள்.

பார்த்து முடிவெடுப்பது

இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்கள்தான் பிறகு நிறையத் தோண்டுகிறார்கள். துணியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் குழாயைத் துடைத்து, கசியும் இடத்தின் இருபுறமும் குறைந்தது அரை மீட்டர் நீளம் பாருங்கள். துரு முடிச்சுகளைச் சுரண்டாதீர்கள். சில இடங்களில் அந்தத் துருதான் அடைப்பானாக இருந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

நேரான பகுதியில் ஒரே ஓர் ஊசித்துளை, மற்ற இடமெல்லாம் வழவழப்பு என்றால் கிளாம்ப் போதும். சாக்கெட்டின் வாயில், மரை ஓரத்தில் கசிந்தால் சாதாரணக் கிளாம்ப் அங்கே உட்காராது. அந்த இணைப்பையே அறுத்து எடுக்க வேண்டும். பல இடங்களில் குழி விழுந்திருந்தால், அருகிலேயே யாரோ முன்பு போட்ட கிளாம்ப் தெரிந்தால், அல்லது கசிவுக்கு முன்பிருந்தே வீட்டில் தண்ணீர் மெலிந்து வந்துகொண்டிருந்தால், முழு லைனையும் மாற்றுவதே சரி. குழாயின் உள்ளே படிந்த துரு, விட்டத்தைப் பாதி அளவுக்கும் கீழே சுருக்கிவிடும். அந்த நிலையில் ஒட்டுப்போடுவது, மாற்றும் வேலைக்கு ஏற்பாடு செய்யும்வரை காலம் வாங்குவது மட்டுமே.

வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மெலிந்த சுவர் எரிந்து ஓட்டை பெரிதாகும். துத்தநாகம் ஆவியாகி எழும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

கிளாம்ப் போடுதல்

உடனடித் தடுப்புக்கு 3 மி.மீ. ரப்பர் ஷீட்டைச் சுற்றி இரண்டு மூன்று ஹோஸ் கிளிப் இறுக்கினால் ஓரிரு நாள் ஓட்டலாம். மண்ணை மூடுவதென்றால் முழுச் சுற்றையும் கவ்வும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிப்பேர் கிளாம்ப்தான் வேண்டும். ஓட்டையின் இருபுறமும் குறைந்தது 5 செ.மீ. தாண்டும் நீளத்தில் எடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர், குடிநீருக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ரப்பர் உட்காரும் இடத்தை மட்டும் மணல்தாளால் இலேசாகத் தேய்த்து வழவழப்பாக்கி, சோப்பு நீர் தடவுங்கள். ஓட்டை கிளாம்ப்பின் நடுவில், போல்ட்டுகளுக்கு எதிர்ப்புறம் வரட்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து ரப்பர் படிந்தபின் இன்னொரு முறை. தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு மேல் போனால், மெலிந்த குழாய் உள்நோக்கி நசுங்கும்.

அறுத்துத் துண்டு மாற்றுதல்

மரையே வெட்டாமல் இதைச் செய்யலாம். அதுவே என் முதல் தேர்வு. இதற்குக் கம்ப்ரெஷன் கப்ளிங் வேண்டும்: நட்டை இறுக்கும்போது ஒரு ரப்பர் வளையம் குழாயின் வெளிப்பக்கத்தைக் கவ்வும் வகை. பழைய குழாயின்மீது முறுக்கு விசையே விழாது.

எர்த் பாலத்தைச் சரிபார்த்துவிட்டு, தண்ணீரை நிறுத்தி, தாழ்வான ஒரு குழாயைத் திறந்து வடியவிடுங்கள். குழியின் நீர்மட்டம் குழாயைவிடக் கீழே இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹாக்ஸா பிளேடால் நேராக அறுங்கள். மெலிந்த சுவரில் பெரிய பல் சிக்கி, குழாயை ஆட்டி எடுக்கும். சக்கரக் கட்டர் நல்ல குழாயில் அருமையாக வெட்டும், துருப்பிடித்ததை நசுக்கக்கூடும்.

அறுபட்ட முனையைப் பாருங்கள். சுவர் எல்லாப் பக்கமும் ஓரளவு சமமாக, ரப்பர் பிடிக்கும் நீளத்துக்கு வெளிப்பக்கம் குழியில்லாமல் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் பின்னால் போய் அறுங்கள். இருபுறமும் ஒரு மீட்டர் போயும் நல்ல உலோகம் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குழாய் உங்களுக்கு விடை சொல்லிவிட்டது. ஹாக்ஸாவைக் கீழே வைத்துவிட்டு முழு மாற்றத்துக்குப் போங்கள்.

கிடைத்தால், விளிம்பின் பிசிறை உள்ளும் புறமும் அரத்தால் நீக்குங்கள். புதுத் துண்டு, இடைவெளியைவிடச் சுமார் 1 செ.மீ. குட்டையாக இருக்கட்டும். கப்ளிங்கின் நீளத்தில் பாதியைப் பழைய குழாயின்மீது மார்க்கரால் குறித்துக்கொண்டு, கப்ளிங்கை முழுவதும் ஒரு பக்கம் தள்ளி, துண்டைப் பொருத்தி, பிறகு குறிவரை இழுத்து வாருங்கள். நடுவில் தடுப்பு இல்லாத கப்ளிங்கில்தான் இது நடக்கும். வாங்கும்போதே உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.

பலர் மறப்பது இழுவிசையை. சாதாரணக் கப்ளிங் தண்ணீரை அடைக்கும், குழாயைப் பிடித்து வைக்காது. ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தத்தில், 1 அங்குலக் குழாயின் முனையை வெளியே தள்ளும் விசை சுமார் 45 கிலோ. 2 அங்குலத்தில் 140 கிலோவைத் தாண்டும். நீண்ட நேர்க்கோட்டின் நடுவில் மண்ணே பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு அருகிலோ முனைக்கு அருகிலோ என்றால், பல் வளையம் வைத்துக் கவ்வும் ரகத்தை வாங்குங்கள், அல்லது வளைவுக்குப் பின்னால் கான்கிரீட் முட்டு வையுங்கள்.

மரை வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால்: பழைய குழாயை இரண்டாவது ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, எண்ணெய் நிறைய விட்டு, டையை (மரை வெட்டும் கருவியை) அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக நகர்த்துங்கள். இடையில் ஒரு யூனியன் (நடுவில் உள்ள நட்டால் சேர்க்கும் இணைப்பு) வையுங்கள். முழு லைனையும் சுற்றாமல் சேர்க்க அதுதான் வழி. டெஃப்ளான் டேப்பை, மரை முனை உங்களைப் பார்க்கும்படி வைத்து, கடிகாரச் சுற்றில் சுற்றுங்கள். பழைய மரை எந்த ரகம் என்பதையும் பாருங்கள். பிரிட்டிஷ் ரகமான பி.எஸ்.பி.யும் அமெரிக்க ரகமான என்.பி.டி.யும் அரை, முக்கால் அங்குலத்தில் இரண்டுமே அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறும், ஆனால் மரையின் கோணம் 55 பாகையும் 60 பாகையுமாக வேறுபடுவதால் என்ன சுற்றினாலும் கசியும்.

முழு லைனையும் மாற்றுவதானால்

புதிய ஜி.ஐ.யை மீண்டும் மண்ணில் புதைக்க நான் சொல்ல மாட்டேன். குடிநீருக்கான பாலிஎதிலீன் குழாய் துருப்பிடிக்காது, சுருளாக வருவதால் மண்ணுக்குள் இணைப்பே இல்லாமல் மீட்டரிலிருந்து வீடுவரை ஒரே துண்டாகப் போடலாம். 1 அங்குல ஜி.ஐ.க்குப் பதில் 32 மி.மீ. வெளிவிட்டம் உள்ளது பொருந்தும், பி.இ.100 என்ற பாலிஎதிலீன் ரகத்தில் எஸ்.டி.ஆர். 11 (வெளிவிட்டம் சுவர்த் தடிமனைப்போல் 11 மடங்கு) உள்ளது 16 பார் அழுத்தத்துக்கானது. ஒரு பார் என்பது ஏறக்குறைய சதுர செ.மீ.க்கு 1 கிலோ.

அது வெப்பத்தில் நீளும்: ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு, சுமார் 0.2 மி.மீ. 20 மீட்டர் குழாய் 20 பாகை மாறினால் 8 செ.மீ. எனவே இழுத்து நேராகப் போடாமல், பாம்புபோல் சற்று நெளியவிட்டு, மண்ணின் குளிர்ச்சிக்கு வந்தபின் கடைசி இணைப்பைக் கொடுங்கள். உலோகத்தோடு சேரும் இடத்தில் பிளாஸ்டிக் ஆண் மரை உலோகப் பெண் மரைக்குள் போகட்டும். மாற்றிச் செய்தால் பிளாஸ்டிக் விரிந்து பிளக்கும். பெட்ரோல், கரைப்பான் கொட்டிய மண்ணில் பாலிஎதிலீன் வேண்டாம். அவை அதன் சுவரை ஊடுருவித் தண்ணீரில் கலக்கும். பிற்காலத்தில் தேடுவதற்காகக் குழாயோடு ஒரு உறையிட்ட செம்புக் கம்பியையும் போட்டுவையுங்கள்.

சுத்தம், சோதனை

உள்ளே போகும் ஒவ்வொரு பாகத்தையும், அறுபட்ட முனைகளையும் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்துப் பொருத்துங்கள். 5 சதவீத, மணம் சேர்க்காத ப்ளீச் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்.

வால்வை மெல்லத் திறவுங்கள். சட்டென்று திறந்தால் காற்றும் நீரும் மோதி, பழைய குழாயில் அடுத்த ஓட்டைக்கு வழி பண்ணும். முதலில் வெளிக்குழாய் ஒன்றைத் திறந்து, பழுப்பு நீரும் துருத் துகள்களும் போய்த் தெளியும்வரை ஓடவிடுங்கள். வீட்டுக்குள் உள்ள குழாய்களின் முனை வலைகளைக் கழற்றிவிட்டே திறக்க வேண்டும். வெந்நீர்க் கொதிகலனைக் கடைசியாக. முன்னொரு காலத்தில் அந்த இணைப்பில் ஈயக் குழாய் இருந்திருந்தால், ஜி.ஐ.யின் உள்துருவில் ஈயம் படிந்திருக்கும். இந்த வேலையின் அதிர்வு அதைக் கிளப்பிவிடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் நீரைப் பரிசோதிக்கும்வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது.

பிறகு வீட்டு வால்வை மூடி, முழு அழுத்தத்தில் ஒரு மணி நேரமாவது குழியைத் திறந்தே வைத்திருங்கள். இணைப்புகளைத் துடைத்து உலர்த்தி, காகிதக் கைக்குட்டையால் சுற்றி ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை அது காட்டும். மீட்டரும் அசையக் கூடாது.

மூடுதல்

கிளாம்ப், கப்ளிங், போல்ட், தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் எல்லாவற்றையும் பெட்ரோலேட்டம் டேப்பால் (வாசலின் போன்ற பசை தோய்ந்த நாடாவால்) சுற்றுங்கள். புதிய உலோகம் பழையதோடு மண்ணில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு அங்கேயே தொடங்கும். அடியில் 10 செ.மீ. மணல், பக்கங்களை அமுக்கி, மேலே 15 செ.மீ. மணல். குழாயைத் தொடும் இடத்தில் கல், கட்டட இடிபாடு, நிலக்கரிச் சாம்பல் கூடாது. கடைசியில் சொன்னது துருவுக்கு விருந்து. அதற்குமேல் மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகத் திணித்து ஏற்றி, இடையில் எச்சரிக்கை நாடா ஒன்றைப் போடுங்கள்.

மூடும் முன் படம் எடுத்து, சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து தூரத்தை அளந்து குறித்து, மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

ஒரு வாரத்துக்கு இரவு படுக்கப் போகும்போதும் காலையிலும் மீட்டரைப் பாருங்கள். பெரிய கசிவு ஒன்று அடைபட்டதும், அதுவரை அங்கே வடிந்துகொண்டிருந்த அழுத்தம் முழுவதும் மற்ற பலவீனமான இடங்கள்மீது விழும். வெளிக்குழாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி இரவில் அளந்து, 5 பாரைத் தாண்டினால், மீட்டரை அடுத்து அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை வைத்து 3 பார் அளவில் நிறுத்திவிடுங்கள். அந்த வால்வைப் பழைய குழாயில் மாட்டும்போதும் இரண்டு ரெஞ்சு.